சம்பந்தி வெட்டிய வட்டப்பாத்தி

கல்யாணமாகி ஓசூருக்கு வந்ததிலிருந்து கஜா புயல் அடித்த வருஷம் வரைக்கும் எங்கள் வீட்டில் தேங்காயைக் காசு கொடுத்து வாங்கவேண்டி வந்ததே இல்லை. பட்டுக்கோட்டைப் பக்கம் அப்பாவுக்குத் தென்னந்தோப்பு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவரே சாக்குமூட்டையோடு பஸ் ஏறிவிடுவார். தஞ்சாவூரில் மாறி, திருச்சியில் மாறி, சேலத்தில் மாறி, ஒவ்வொரு பஸ்ஸிலும் மூட்டையை எங்கே வைப்பது என்று கண்டக்டரோடு மல்லுக்கட்டி ஓசூர் வந்து சேர்வார். "உங்கப்பா பஸ்ல வர்றாரா, லாரியில வர்றாரா?" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அப்பா அதற்கெல்லாம் அசரமாட்டார். மகள் வீட்டில் கடைத் தேங்காய் உடைத்தால் அவருக்கு மானம் போய்விடும்.

போகும்போது வெறுங்கையோடு போனதும் இல்லை. என் மாமனாருக்குக் கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் மாந்தோப்பு. பருவம் என்றால் செந்தூராவும் பெங்களூராவும் வைக்கோல் போட்டு அடுக்கிய பெட்டியில் தயாராக இருக்கும். பருவம் இல்லையென்றால் நிலக்கடலை, அதுவும் இல்லையென்றால் புளி. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் கொடுத்துத் தோற்கடிக்கப் பார்த்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும். ஆனால் பேச்சு மட்டும் அப்படி ஒரு மரியாதையாக இருக்கும். "நீங்க சொன்னா சரிங்க சம்பந்தி" என்பதற்கு மேல் அப்பா ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

மாமனார் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். வெளியாட்களோடு தமிழ். பேச்சு சூடு பிடித்துவிட்டால் மாமாவுக்குத் தமிழ் மறந்து தெலுங்கு வந்துவிடும். அப்பாவுக்கு அதில் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனாலும் நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, எல்லாம் புரிந்த மாதிரி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டுவார். "என்னப்பா புரிஞ்சுது?" என்று ஒருமுறை அடுக்களையில் வைத்துக் கேட்டேன். "புரிஞ்சா என்ன, புரியாட்டி என்ன ஆயி? அவரு பேசுறப்ப நான் சும்மா இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றார். மகள்களை ஆயி என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஓசூரில் என்னை அப்படிக் கூப்பிட அவர் ஒருவர்தான் இருந்தார்.

அம்மா இறந்த பிறகு அவர் தோப்பில் தனியாகத்தான் இருந்தார். இங்கே வந்துவிடுங்கள் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாயிற்று. மரத்தை யார் பார்ப்பது என்பார். மரத்தைக் காற்று பார்த்துக்கொண்டது.

புயல் வருகிறது என்று டிவியில் சொன்ன அன்று சாயங்காலம் போன் செய்தேன். "இது மாதிரி எத்தனை பாத்துட்டேன். நீ கம்பெனிக்குப் போற வழியப் பாரு" என்றார். மறுநாள் காலையில் கூப்பிட்டபோது போன் அணைந்திருந்தது. அவருடையது மட்டுமில்லை, ஊரில் எனக்குத் தெரிந்த எல்லோருடைய போனும்.

அன்றைக்கு ஓசூரில் நல்ல குளிர். மேகம் இறங்கிவந்து தூறல் போட்டுக்கொண்டே இருந்தது. நான் வேலை பார்ப்பது சிப்காட்டில் ஒரு கம்பெனி, குவாலிட்டி பிரிவில். டீ நேரத்தில் கேன்டீனுக்குப் போனால் பிள்ளைகளெல்லாம் கையில் கப்போடு வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கிளைமேட் சூப்பரா இருக்குதுக்கா, இன்னும் ரெண்டு நாளைக்கு இப்படியே இருந்தா நல்லாருக்கும்" என்றாள் என் லைனில் வேலை செய்யும் பெண். அவள் மேல் தப்பில்லை. எங்கள் ஊரைப் பிய்த்துப் போட்ட அதே மழையின் மிச்சம்தான் இங்கே வந்து பூப்போல விழுகிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் எனக்கு வந்த கோபத்தில் டீயை அப்படியே சிங்க்கில் கொட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன். கேன்டீன் டிவியில் புயல் கரையைக் கடந்துவிட்டது என்று ஓடிக்கொண்டிருந்தது. கடலைத் தாண்டி அது எங்கே வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

போன் கிடைக்கவே இல்லை. என் வீட்டுக்காரருக்கு லீவு தரவில்லை, ஷிப்மென்ட் நேரம். நான் தனியாகக் கிளம்புகிறேன் என்று பையை எடுத்தபோது மாமா வாசலில் வந்து நின்றார். கிருஷ்ணகிரியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறார். "நட, போலாம்" என்றார். எங்கள் கல்யாணத்துக்கு வந்ததற்கு அப்புறம் அவர் அந்தப் பக்கம் போனதே இல்லை.

தஞ்சாவூர் தாண்டியதும் ரோட்டில் மரங்கள் கிடந்தன. அறுத்து ஓரமாகத் தள்ளி ஒரு வண்டி போகிற அளவுக்கு வழி செய்திருந்தார்கள். கரண்டு கம்பங்கள் முறிந்து வயலுக்குள் கம்பியோடு கிடந்தன. ஓரிடத்தில் ஜனங்கள் குடிக்கத் தண்ணீர் கேட்டு காலிக் குடங்களோடு ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். பஸ் அதற்கு மேல் போகாது என்றார்கள். பிறகு ஒரு டிராக்டரில் ஏறினோம், பிறகு நடந்தோம். மாமா வழியெல்லாம் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தார்.

எங்கள் வீடு ரோட்டிலிருந்தே தெரிந்தது.  நான் பிறந்ததிலிருந்து அந்த வீடு ரோட்டிலிருந்து தெரிந்ததே இல்லை. நடுவில் தோப்பு நிற்கும். இப்போது நடுவில் வானம்தான் நின்றது.

அப்பா உயிரோடு இருந்தார். கிழிந்த கீற்றுகளை இழுத்து ஓரமாகப் போட்டுக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வாங்க சம்பந்தி, வாங்க" என்றார்.  மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். உட்காரச் சொல்ல இடமில்லாததால் ஒரு தென்னையின் மேலேயே மூவரும் உட்கார்ந்தோம்.

ராத்திரி முழுக்க எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன். "கக்கூஸ்ல" என்று சிரித்தார். வீட்டு ஓடு பறக்க ஆரம்பித்ததும் கன்றுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம். காங்கிரீட் போட்டது அது ஒன்றுதான். முதலில் வடக்கேயிருந்து அடித்ததாம். கொஞ்ச நேரம் சத்தம் சுத்தமாக நின்று, மறுபடி தெற்கேயிருந்து அதைவிடப் பலமாக அடித்ததாம். தோப்பைப் பார்த்தாலே அது தெரிந்தது. கீழே கிடந்த மரங்கள் ஒரு திசையில் கிடந்தன, அவற்றின் மேல் விழுந்த மரங்கள் எதிர்த்திசையில் கிடந்தன. வேரோடு வந்தவை கொஞ்சம், நட்டநடுவில் முறிந்தவை கொஞ்சம். முறிந்த இடம் துணியைப் பிழிந்த மாதிரி முறுக்கிக்கொண்டு நின்றது.

"மரம் விழுற சத்தம் ஒண்ணுகூடக் கேக்கல ஆயி" என்றார் அப்பா. "காத்து போட்ட சத்தத்துல அது கேக்கவே இல்ல. அதனால, நிக்குதுன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன். விடிஞ்சு கதவத் தொறக்குற வரைக்கும் நிக்குதுன்னுதான் நெனச்சேன்."

இத்தனை வருஷத்தில் அந்தப் புயலைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லக் கேட்டுவிட்டேன். எவ்வளவு வேகம், எங்கேயிருந்து எங்கே போனது என்றெல்லாம். அதன் பலம் எனக்குப் புரிந்தது அப்பா சொன்ன இந்த ஒன்றில்தான். இருபது முப்பது வருஷம் கூடவே இருந்த மரங்கள், பக்கத்திலேயே விழுகின்றன, அது மனுஷனுக்குக் கேட்கவில்லை.

விருந்தாளி வந்தால் இளநீர் வெட்டாமல் அவரால் இருக்க முடியாது. அரிவாளை எடுத்துக்கொண்டு போய், கீழே கிடந்த ஒரு மரத்தின் குலையிலிருந்து நின்றபடியே இரண்டு இளநீரை வெட்டினார். "இனிமே மரமேற ஆளு தேட வேண்டியதில்ல சம்பந்தி" என்று சீவி நீட்டினார். மாமா வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். கடைசிவரை அதை அவர் குடிக்கவில்லை. நான் குடித்தேன். குடிக்காமல் விட்டால் அப்பா அங்கேயே உடைந்துவிடுவார் என்று பயமாக இருந்தது.

மரங்களை அறுத்து லாரிகளில் ஏற்றி அனுப்பிய பிறகு அப்பாவை ஓசூருக்குக் கூட்டிவந்தோம். கிணற்றடியில் தப்பி நின்ற ஒன்றிரண்டும் குருத்து திருகி, பார்த்திருக்கும்போதே காய்ந்து போயின. விழுந்த தேங்காய்களை உரித்து ஒரு வண்டி கொண்டுவந்தார். அது தீரும்வரை சமையலில் தேங்காய் இருந்தது. தீர்ந்த பிறகு நான் வாங்கவில்லை. சட்னிக்கு மாமா வீட்டு நிலக்கடலை. குழம்பில் தேங்காய் இல்லை என்பதை அப்பாவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு மாடியில் தகர ஷீட் போட்டிருப்பார்கள். சாயங்காலக் காற்றில் அதில் ஏதாவது ஒன்று தடதடக்கும். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வருவார். அந்த வாசலில் அவர் முதுகைப் பார்க்க எனக்குப் பொறுக்காது.

மறுபடி தென்னை வையுங்கள் என்று சொன்னேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். "காய்க்க ஆறேழு வருஷமாவும். நான் இருப்பனா?" என்றார். ஒரு மரமாவது காய்ப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போகவேண்டும், அவருக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அதை மாமாவிடம் நான்தான் சொன்னேன். அவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டார். "மா ஒட்டுக்கன்னு வைங்க சம்பந்தி. மூணு நாலு வருசத்துல காய் பாக்கலாம். கன்னு நான் கொண்டாறேன். நட்டும் குடுக்கறேன்" என்றார். புயலுக்குப் பிறகு அப்பா முகத்தில் ரத்தம் ஓடியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆடி மாதம் ஒரு குட்டியானை வண்டி நிறைய ஒட்டுக்கன்றுகளை, ஈரச் சாக்கு போர்த்திக் கொண்டுபோனார் மாமா. நானும் கூடப் போனேன். அந்த வயதில் அவரே மண்வெட்டி பிடித்துக் குழி வெட்டினார். கன்றை வைத்து, சுற்றிலும் வட்டமாகக் கரை கட்டி, கிண்ணம் மாதிரி பாத்தி செய்தார். கிருஷ்ணகிரிப் பக்கம் அப்படித்தான். செம்மண்ணும் கல்லும், மழையோ எப்போதோ. விழுகிற ஒரு சொட்டையும் விடாமல் மரத்தடியில் பிடித்து வைக்கவேண்டும். கரையைக் கையால் தட்டித் தட்டிக் கெட்டிப்படுத்தி, "ஒரு பொட்டுத் தண்ணி வெளிய போவாதுங்க" என்றார் பெருமையாக.

எங்கள் மண் அப்படிப்பட்டது இல்லை. ஐப்பசி பிறந்தால் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்றே தெரியாமல் ஊறி நிற்கும். அங்கே எந்தக் கன்றையும் மேடு போட்டு அதன் மேல்தான் வைப்பார்கள், தண்ணீர் ஓட வாய்க்கால் எடுப்பார்கள். அப்பாவுக்கு இது தெரியாதா? அவர் பக்கத்தில் நின்று, "சரிங்க சம்பந்தி" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வாய் துறுதுறுத்தது. தனியே இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன்.

"என்னப்பா இது, ஐப்பசியில தண்ணி நிக்குமே?"

"சத்தம் போடாத. சொந்தக் காசுல கன்னு வாங்கிட்டு வந்து வேர்க்க வேர்க்க வெட்டுறாரு. இது தப்புன்னு நான் எப்படிச் சொல்றது? அவரு ஊருக்குப் போவட்டும், ஒரு நாள் வேல. கரைய வெட்டிவிட்டுட்டு மண்ணணைச்சிடுறேன்."

அப்பா அதற்கப்புறம் ஊரிலேயே தங்கிவிட்டார். கரையை வெட்டியிருப்பார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வாரா வாரம் ஓசூர் வரும்போது மாமா எங்கள் வீட்டிலிருந்தே போன் செய்து, "பாத்தி எப்பிடிங்க இருக்குது?" என்று விசாரிப்பார். "நீங்க வெட்டுனது வெட்டுனபடி இருக்கு சம்பந்தி" என்று அப்பாவின் குரல் ஸ்பீக்கரில் கேட்கும். சமாளிக்கிறார் என்று நான் சிரித்துக்கொள்வேன். அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த மழைக்காலத்தில் சில கன்றுகள் போய்விட்டன என்றார். பிழைத்தவற்றில் ஒன்று மாசி மாதம் பூத்தது. அதைச் சொல்ல வேலை நேரத்தில் எனக்குப் போன் செய்தார். "பூத்திருக்கு ஆயி. சின்னதா, ஒரு கொத்து." அன்றைக்குச் சாயங்காலமே மாமா அவருக்குப் போனில் சொன்னார், முதல் பூவைக் கிள்ளிவிடவேண்டும், விட்டால் கன்றுக்குச் சத்து போய்விடும் என்று. அது சரிதான், மா வைத்தவர்கள் எல்லோரும் செய்வதுதான். ஆனால் என்னால் தாங்க முடியவில்லை. "ஒரு கொத்து இருந்துட்டுப் போகட்டும்பா" என்று போனிலேயே சண்டை போட்டேன். "கிள்ளிட்டேன் ஆயி. சம்பந்தி சொல்லிட்டாருல்ல. வாசம் இன்னும் கையில இருக்கு" என்றார்.

அதற்கடுத்த மாதம் ஊரடங்கு வந்தது. யாரும் எங்கும் போக முடியாமல் போயிற்று. பிறகு கம்பெனி திறந்தார்கள், ஆனால் லீவு கேட்க வாய் வரவில்லை, வேலை இருப்பதே பெரிது என்ற நிலை. அப்பா அங்கே தனியாகவே இருந்தார். அடுத்த மழைக்காலம் ஆரம்பித்ததிலிருந்து, காலையில் நான் போன் செய்யும்போதெல்லாம் அவருக்கு மூச்சு வாங்கும். பின்னால் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்கும். "என்னப்பா செய்யறீங்க?" என்றால், "வேலதான், வேலதான்" என்பார்.

கார்த்திகையில் ஒரு காலை அவர் எழுந்திருக்கவில்லை. பக்கத்துத் தோப்பு அக்காதான் வந்து பார்த்துவிட்டு எங்களுக்குச் சொன்னார். மழையிலேயே போய்ச் சேர்ந்தோம். சடங்குக்குத் தேங்காய் கேட்டார்கள். யாரோ ஓடிப்போய்க் கடையில் வாங்கி வந்து என் கையில் கொடுத்தார்கள். குடுமி சிறுத்து, எந்த ஊர் மரத்துக் காயோ. அப்பாவின் தலைமாட்டில் வைப்பதற்காக எங்கள் வீட்டில் முதல் தடவையாக விலைக்குத் தேங்காய் வாங்கினோம். அதுவரை அழாமல் இருந்தவள் அதைக் கையில் வாங்கியதும் அழுதுவிட்டேன்.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள் மாமா தோப்புப் பக்கம் போனார். கன்று நட்டுவிட்டுப் போன பிறகு அவர் அங்கே வந்தது அன்றைக்குத்தான். நானும் பின்னால் போனேன். வட்டப்பாத்திகள் எல்லாம் அவர் கட்டியது கட்டியபடி இருந்தன. கரை எங்கும் உடையவில்லை. ஒவ்வொன்றிலும் தண்ணீர் தளும்ப நின்றது. அதற்குள் சில வெறும் குச்சிகள், சில இலை பழுத்த கன்றுகள். ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி குப்புறக் கவிழ்ந்து கிடந்தது.

"இந்த வாளி எதுக்குங்க இங்க?" என்று அவர் பக்கத்துத் தோப்பு அக்காவைக் கேட்டார்.

"அதையேன் கேக்குறிய. தெனம் விடிஞ்சா வாளியத் தூக்கிக்கிட்டு வந்துருவாக. ஒவ்வொரு பாத்தியா மொண்டு மொண்டு வெளிய ஊத்துவாக. மழையில நனைஞ்சுக்கிட்டே. போன வருசமும் இதே கததான். அண்ணே, கரையில ஒரு வெட்டு வெட்டிவிட்டா தானா வடிஞ்சிரும்ல, நான் வெட்டட்டுமான்னு கேட்டேன். வேணாம், சம்பந்தி கையால கட்டுனது, கேட்டா என்ன சொல்லுவேன்னுட்டாக."

 மாமா நேராக வீட்டுப் பக்கம் போய் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். முதல் பாத்தியின் கரையில் ஒரு வெட்டு வெட்டினார். தண்ணீர் கலங்கிக்கொண்டு வெளியே ஓடியது. அடுத்த பாத்திக்குப் போனார். கன்று செத்த பாத்தியையும் விடவில்லை, ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே போனார். போதும் மாமா என்று நான் கையைப் பிடித்தேன். உதறிவிட்டார்.

வெட்டிக்கொண்டே அப்பாவோடு பேசினார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, நான் என்ன கோபித்துக்கொள்ளவா போகிறேன், உங்கள் மண்ணைப் பற்றி எனக்கு என்ன தெரியும், நீங்கள் சொல்லவேண்டாமா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எல்லாம் தெலுங்கில். அப்பாவுக்கு அதில் ஒரு சொல்கூடப் புரிந்திருக்காது. இருந்திருந்தால் பக்கத்திலேயே நின்று, சரிங்க சம்பந்தி என்று தலையாட்டியிருப்பார்.